வாசகர் கேள்வி – பதில்: தேதிகளை நிரலில் கையாளுதல்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பகுதி தேதிக் கணக்குகளைப் பற்றியதாக இருந்ததால், அவற்றை ஒரே இடத்தில் தொகுத்து விடையளிக்கிறோம். பைத்தான் எழுதுவோர் அதிகம் கேட்டிருப்பதால் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அந்த மொழியிலிருந்து வருகின்றன. ஜாவாஸ்கிரிப்ட், பாஷ், பிஎச்பி ஆகியவற்றில் எழுதுவோருக்கும் இடையிடையே விடை உண்டு.

கேள்வி: ஐயா, பைத்தானில் ஒரு சிறிய பதிவேட்டு நிரல் எழுதியிருக்கிறேன். தேதிகளை நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் சரங்களாகவே (எழுத்துத் தொடர்களாகவே) கோப்பில் வைத்திருக்கிறேன். வரிசைப்படுத்தினால் 02-11-2023 என்பது 15-01-2021க்கு முன்னால் வந்து நிற்கிறது. எல்லாவற்றையும் 1970 முதல் எண்ணும் நொடிக் கணக்காக மாற்றிவிடலாமா?

பதில்: நொடிக் கணக்கு வேண்டாம். சரங்களை ஒப்பிடும்போது கணினி இடமிருந்து வலமாக எழுத்து எழுத்தாகப் பார்க்கிறது. உங்கள் அமைப்பில் இடக்கோடியில் இருப்பது நாள் என்பதால், ஆண்டைக் கவனிப்பதற்கு முன்பே வரிசை முடிவாகிவிடுகிறது. ஆண்டு நான்கு இலக்கம், மாதம் இரண்டு, நாள் இரண்டு என்று 2023-11-02 வடிவில் எழுதினால் எழுத்து வரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும். 1988-இல் வெளியான ஐஎஸ்ஓ 8601 தரநிலை சொல்லும் வடிவமும் இதுதான். கோப்பில் இந்த வடிவத்தில் எழுதுங்கள். படித்தவுடன் ‘ஃப்ரம்ஐஎஸ்ஓஃபார்மேட்’ மூலம் ‘டேட்’ பொருளாக மாற்றிக்கொள்ளுங்கள். கூட்டல், கழித்தல், ஒப்பீடு எல்லாவற்றையும் அந்தப் பொருளின் மீதே செய்யுங்கள்.

நொடிக் கணக்கை ஏன் மறுக்கிறேன் என்றால், அது குறிப்பது வேறொன்றை. 1970 ஜனவரி 1, யுடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தின் நள்ளிரவிலிருந்து எத்தனை நொடிகள் என்பது, உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு கணத்தைச் சுட்டும் எண். பிறந்த தேதியோ பதிவுத் தேதியோ கணம் ஆகாது. அது நாட்காட்டியில் ஒரு கட்டம், அதற்கு மணியும் இல்லை, நேர மண்டலமும் இல்லை. அதை நொடியாக மாற்ற வேண்டுமானால் ஏதோ ஓர் ஊரின் நள்ளிரவை நீங்களாகவே சேர்த்தாக வேண்டும். பிறகு வேறு மண்டலத்தில் உள்ள கணினி அதே எண்ணைப் படித்து முந்தைய நாளைக் காட்டும்போது குழப்பம் தொடங்கும். கையில் இருப்பது நாளா, கணமா என்று நிரல் எழுதும் முன்பே முடிவு செய்துகொண்டிருந்தால், இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பாதி எழுந்திருக்காது.

பைத்தானில் நாளுக்கு ‘டேட்’, கணத்துக்கு ‘டேட்டைம்’ என்று இரண்டு வகைகள் உள்ளன. இரண்டாவது முதலாவதின் வாரிசு வகையாக அமைந்திருப்பதால், ஒரு மதிப்பு ‘டேட்’ வகையைச் சேர்ந்ததா என்று ‘இஸ்இன்ஸ்டன்ஸ்’ கொண்டு கேட்டால், ‘டேட்டைம்’ மதிப்புக்கும் ஆம் என்றே விடை வரும். ஆனால் அவ்விரண்டையும் சிறியது, பெரியது என்று ஒப்பிட்டால் பிழை எழும். இந்த வாரிசு உறவு நல்ல வடிவமைப்பு என்று எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

இன்னொரு எச்சரிக்கை. 03/04/2024 என்று எழுதப்பட்ட சரம் ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ என்பதை எந்த நிரலாலும் தானாகக் கண்டுபிடிக்க முடியாது. அட்டவணைத் தரவுகளைக் கையாளும் பைத்தானின் பாண்டாஸ் நூலகம் முன்பெல்லாம் ஒரே நெடுவரிசையில் ஒரு வரியை ஒரு விதமாகவும் மற்றொன்றை வேறு விதமாகவும் ஊகித்துப் படித்துவிடும்; 2023-இல் வந்த 2.0 பதிப்பிலிருந்துதான் முதல் மதிப்பைப் பார்த்து முடிவு செய்த வடிவத்தையே எல்லா வரிகளுக்கும் பயன்படுத்துகிறது. ஊகிக்க விடாமல் வடிவத்தை நீங்களே சொல்லிவிடுவதுதான் பாதுகாப்பு.

கேள்வி: மாதச் சந்தாவுக்கான நினைவூட்டல் நிரல் எழுதுகிறேன். ஜனவரி 31-இல் சேர்ந்தவருக்கு அடுத்த தவணைத் தேதி எது? பைத்தானின் ‘டைம்டெல்டா’வில் மாதம் என்ற அளவையே காணோமே, 30 நாட்களைக் கூட்டிவிடலாமா?

பதில்: ‘டைம்டெல்டா’ நாட்கள், நொடிகள், மைக்ரோநொடிகள் ஆகிய மூன்றை மட்டுமே தன்னுள் வைத்திருக்கிறது. வாரம் என்று கொடுத்தால் ஏழால் பெருக்கி நாட்களாக மாற்றிக்கொள்ளும். மாதத்துக்கு நிலையான நீளம் கிடையாது என்பதால் அதைச் சேர்க்கவில்லை. இது தவறவிட்ட குறை ஆகாது. 30 நாட்களைக் கூட்டிக்கொண்டே போனால் பன்னிரண்டு தவணைக்கு 360 நாட்கள்தான் ஆகும். ஆண்டுக்கு ஐந்து அல்லது ஆறு நாட்கள் தவணை முன்னால் நகர்ந்துவிடும்.

ஜனவரி 31-உடன் ஒரு மாதம் என்ற கேள்விக்கு ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு விடை சொல்கிறது. 2023 ஜனவரி 31-ஐ எடுத்துக்கொள்வோம். ஜாவாஸ்கிரிப்டின் ‘செட்மந்த்’, பிஎச்பியின் ‘பிளஸ் ஒன் மந்த்’, லினக்ஸில் உள்ள குனு ‘டேட்’ கட்டளை ஆகிய மூன்றும் மார்ச் 3 என்று சொல்லும். அவை மாதத்தின் எண்ணில் ஒன்றைக் கூட்டி “பிப்ரவரி 31” என்ற இல்லாத தேதியை உருவாக்கி, பிப்ரவரியின் 28 நாட்களுக்கு மேல் மிஞ்சிய மூன்று நாட்களை மார்ச்சுக்குள் தள்ளிவிடுகின்றன. பைத்தானின் ‘டேட்யூட்டில்’ நூலகத்தில் உள்ள ‘ரிலேட்டிவ்டெல்டா’வும், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் பிப்ரவரி 28 என்று சொல்லும், நாள் அந்த மாதத்துக்குள் அடங்காவிட்டால் மாதத்தின் கடைசி நாளோடு நிறுத்திக்கொள்வது அவற்றின் வழி. சந்தா, வாடகை, வட்டி போன்றவற்றில் மனிதர்கள் எதிர்பார்ப்பது இரண்டாவது விடையைத்தான். ஒரு மாதத்தையே தாண்டிக் குதிக்கும் தவணையை எந்த வாடிக்கையாளரும் ஏற்கமாட்டார்.

கடைசி நாளோடு நிறுத்தும் முறையிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஜனவரி 31-உடன் ஒரு மாதம் கூட்டினால் பிப்ரவரி 28. அந்த விடையுடன் மறுபடி ஒரு மாதம் கூட்டினால் மார்ச் 28. ஆனால் ஜனவரி 31-உடன் ஒரேயடியாக இரண்டு மாதம் கூட்டினால் மார்ச் 31. பிப்ரவரியில் ஒருமுறை சுருங்கிய நாள், பிறகு தன் பழைய எண்ணுக்குத் திரும்புவதில்லை. ஆகவே முந்தைய தவணைத் தேதியிலிருந்து அடுத்ததைக் கணக்கிடும் பழக்கத்தை விட்டுவிட்டு, சேர்ந்த தேதியை அப்படியே சேமித்து வைத்து, அதிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று மாதங்கள் என ஒவ்வொரு முறையும் புதிதாகக் கூட்டுங்கள். கழித்தலிலும் இதே நிலைதான்: மார்ச் 31-இல் ஒரு மாதம் கழித்து, பிறகு ஒரு மாதம் கூட்டினால் புறப்பட்ட இடத்துக்கு வந்து சேரமாட்டீர்கள்.

வெளி நூலகம் வேண்டாம் என்பவர்கள் தாமே எழுதிக்கொள்ளலாம். ஆண்டை 12-ஆல் பெருக்கி, அதனுடன் மாத எண்ணில் ஒன்றைக் குறைத்துச் சேர்த்து, கூட்ட வேண்டிய மாதங்களையும் சேருங்கள். வரும் தொகையை 12-ஆல் வகுத்தால் ஈவு புதிய ஆண்டு; மீதியுடன் ஒன்றைக் கூட்டினால் புதிய மாதம். ‘கேலண்டர்’ தொகுதியின் ‘மந்த்ரேஞ்ச்’ அந்த மாதத்தில் எத்தனை நாட்கள் என்று சொல்லும். அதையும் பழைய நாளையும் ஒப்பிட்டுச் சிறியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 28-இல் சேர்ந்தவர் ஒவ்வொரு மாதமும் 28-ஆம் நாளை விரும்புகிறாரா, மாதக் கடைசியை விரும்புகிறாரா என்பதை எந்தக் கணக்காலும் தெரிந்துகொள்ள முடியாது. அந்த வேறுபாடு உங்கள் நிரலுக்கு முக்கியம் என்றால், அவரிடமே கேட்டு, தனி ஒரு மாறியில் குறித்து வையுங்கள்.

ஆண்டைக் கூட்டுவது எளிது என்று எண்ணுவோருக்கும் ஒரு சொல். 2012 பிப்ரவரி 29 அன்று மைக்ரோசாஃப்டின் அஷூர் மேகச் சேவை பல மணி நேரம் தடைப்பட்டது. ஓராண்டு செல்லுபடியாகும் சான்றிதழை உருவாக்கும் நிரல், ஆண்டு எண்ணில் மட்டும் ஒன்றைக் கூட்டி, 2013 பிப்ரவரி 29 என்ற இல்லாத நாளைக் காலாவதித் தேதியாகக் கேட்டதே காரணம் என்று அந்நிறுவனமே பின்னர் விளக்கியது. பைத்தானில் அதே நாளின் ஆண்டை ‘ரீப்ளேஸ்’ கொண்டு மாற்ற முயன்றால் ‘வேல்யூஎரர்’ எழும். பிழை எழுவது நல்லது. அதைக் கையாளும் வரிகளை எழுதாமல் விடுவதுதான் கெடுதல்.

கேள்வி: என் பாஷ் ஸ்கிரிப்ட் ஜூலை வரை ஒழுங்காக ஓடியது. ஆகஸ்ட் பிறந்ததும் மாத எண்ணைக் கூட்டும் வரியில் பிழை காட்டுகிறது. ஸ்கிரிப்டில் நான் எதையும் மாற்றவில்லை.

பதில்: மாற்றியது நாட்காட்டி. ‘டேட்’ கட்டளை ஆகஸ்ட் மாதத்தை 08 என்று தருகிறது. பாஷின் கணக்கு வரிகளில் சுழியத்தில் தொடங்கும் எண் எட்டடிமான எண்ணாகக் கொள்ளப்படும். எட்டடிமானத்தில் 8, 9 என்ற இலக்கங்களே இல்லை என்பதால் அது மறுக்கிறது. 01 முதல் 07 வரை இரு முறைகளிலும் மதிப்பு ஒன்றே ஆதலால் ஏழு மாதங்கள் தப்பித்துவிட்டீர்கள். பழுதை அப்படியே விட்டிருந்தால் அக்டோபரில் அது தானே மறைந்து, அடுத்த ஆகஸ்டில் மீண்டும் வந்திருக்கும். மாறியின் முன்னால் 10 என்ற எண்ணையும் ஹேஷ் குறியையும் சேர்த்து, பத்தடிமானம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். நாள், மணி ஆகியவற்றுக்கும் இதைச் செய்ய மறவாதீர்கள். அவற்றிலும் 08, 09 வரும்.

ஸ்கிரிப்டில் “சென்ற மாதம்” என்று குனு ‘டேட்’டிடம் கேட்கும் பழக்கம் இருந்தால், மாதக் கடைசி நாட்களில் அது நடப்பு மாதத்தையே விடையாகத் தரக்கூடும். நடப்பு மாதத்தின் 15-ஆம் நாளை அடிப்படையாக வைத்துக் கேட்கும்படி அதன் கையேடே அறிவுறுத்துகிறது.

கேள்வி: ஜாவாஸ்கிரிப்டில் 2024-03-10 என்ற சரத்தைக் கொடுத்து ‘டேட்’ உருவாக்குகிறேன். என் கணினியில் மார்ச் 10 என்று சரியாகக் காட்டுகிறது. அமெரிக்காவில் உள்ள பயனர்கள் மார்ச் 9 என்று தெரிவதாகச் சொல்கிறார்கள். யார் சொல்வது சரி?

பதில்: இரு தரப்பும் சரியாகவே பார்த்திருக்கிறீர்கள். ஜாவாஸ்கிரிப்டின் ‘டேட்’ பெயரில்தான் தேதி. உள்ளே இருப்பது 1970 முதல் எண்ணப்படும் மில்லிநொடிகள், அதாவது ஒரு கணம். வெறும் தேதி மட்டும் உள்ள சரத்தைக் கொடுத்தால் அந்த மொழி அதை யுடிசி நள்ளிரவு என்று கொள்கிறது. அதே சரத்துடன் மணியைச் சேர்த்து, மண்டலத்தைச் சொல்லாமல் விட்டால், பயனரின் உள்ளூர் நேரம் என்று கொள்கிறது. யுடிசி நள்ளிரவில் அமெரிக்காவில் இன்னும் முந்தைய நாள் மாலைதான். ‘கெட்டேட்’ உள்ளூர் நேரப்படி நாளைப் படிப்பதால் 9 என்று வருகிறது. கிரீன்விச்சுக்குக் கிழக்கே இருந்துகொண்டு நிரல் எழுதுபவரின் கண்ணில் இந்தப் பிழை படவே படாது. அவருக்கு வேறொரு பிழை காத்திருக்கிறது: உள்ளூர் நள்ளிரவை ‘டூஐஎஸ்ஓஸ்ட்ரிங்’ கொண்டு சரமாக்கினால், முந்தைய நாள் வந்து விழும்.

இப்போதைக்குச் சரத்தை மூன்று எண்களாகப் பிரித்து, ஆண்டு, மாதம், நாள் என்று தனித்தனியே கொடுங்கள். மாதத்தில் ஒன்றைக் குறைக்க வேண்டும். நிலையான தீர்வு ‘டெம்போரல்’ என்ற புதிய அமைப்பு. அதில் ‘பிளெயின்டேட்’ என்று மணியும் மண்டலமும் இல்லாத தூய தேதிக்கே ஒரு வகை உண்டு. மாதங்கள் ஒன்றிலிருந்து தொடங்கும். மாதம் கூட்டும்போது நாள் அடங்காவிட்டால் கடைசி நாளோடு நிறுத்துவதா, பிழை எழுப்புவதா என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். 2025-இல் ஃபயர்பாக்ஸ் 139-ஆம் பதிப்பு அதைச் சேர்த்தது. உங்கள் பயனர்களின் உலாவிகள் எல்லாவற்றிலும் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு பயன்படுத்துங்கள். தேதிகளைக் கையாளும் பழைய ‘மொமன்ட்’ நூலகத்தைப் புதிய நிரலில் சேர்க்க வேண்டாம். அதில் புதிய வசதிகள் இனி வராது என்று அதைப் பராமரிப்பவர்களே 2020-இல் அறிவித்துவிட்டார்கள்.

கேள்வி: மாதத்தைச் சுழியத்திலிருந்து எண்ணும் வழக்கம் எங்கிருந்து வந்தது?

பதில்: சி மொழியிலிருந்து. அதன் நேர அமைப்பில் மாதம் 0 முதல் 11 வரை. மாதப் பெயர்களின் பட்டியலில் இடஎண்ணாகப் பயன்படுத்த அது வசதி. அதைப் பெர்ல் மொழி வாங்கிக்கொண்டது, ஜாவா வாங்கிக்கொண்டது, 1995-இல் ஜாவாவின் ‘டேட்’டைப் பார்த்து ஜாவாஸ்கிரிப்டும் வாங்கிக்கொண்டது. அதே அமைப்பில் ஆண்டு 1900-இலிருந்து எண்ணப்படும். அதன் முன்னால் 19 என்ற சரத்தை ஒட்டியவர்களின் வலைப்பக்கங்கள் 2000-இல் ஆண்டு 19100 என்று காட்டின. பைத்தான் மாதத்தை ஒன்றிலிருந்தே எண்ணுகிறது. ஆனால் அதன் ‘வீக்டே’யில் திங்கள் 0, ‘ஐஎஸ்ஓவீக்டே’யில் திங்கள் 1, ஜாவாஸ்கிரிப்டின் ‘கெட்டே’யில் ஞாயிறு 0. ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குக் கிழமையை அனுப்பும்போது எண்ணாக அனுப்பாமல் தேதியாகவே அனுப்புங்கள்.

கேள்வி: பெர்லின் நேரப்படி தினமும் காலை 9 மணிக்கு ஓட வேண்டிய வேலை ஒன்று. முந்தைய ஓட்டத்தின் நேரத்துடன் 86,400 நொடிகளைக் கூட்டி அடுத்ததைக் குறிக்கிறேன். மார்ச் கடைசி ஞாயிறு அன்று 10 மணிக்கு ஓடியது, அன்றிலிருந்து 10 மணிக்கே ஓடுகிறது.

பதில்: ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறு கோடை நேரம் தொடங்கும் நாள், பெர்லின் கடிகாரம் அன்று அதிகாலை 2 மணியிலிருந்து நேராக 3-க்குத் தாவும். அந்த நாளுக்கு 23 மணி நேரம்தான். அக்டோபர் கடைசி ஞாயிறுக்கு 25 மணி நேரம். ஒரு நாள் என்பதும் 24 மணி நேரம் என்பதும் பெரும்பாலான நாட்களில் சமமாக இருந்து, ஆண்டில் இரண்டு நாட்களில் மட்டும் பிரிந்துவிடுகின்றன. உங்களுக்கு வேண்டியது “மறுநாள் 9 மணி”. நீங்கள் கூட்டியதோ 86,400 நொடி.

பைத்தான் 3.9-இலிருந்து (2020) ‘ஜோன்இன்ஃபோ’ என்ற தொகுதி மொழியுடனேயே வருகிறது. அதில் “யூரோப்/பெர்லின்” மண்டலத்தை எடுத்து ‘டேட்டைம்’ உருவாக்கி, ஒரு நாள் ‘டைம்டெல்டா’வைக் கூட்டினால் மறுநாள் 9 மணிதான் கிடைக்கும், ஏனெனில் ஒரே மண்டலத்துக்குள் பைத்தான் சுவர்க் கடிகாரத்தின் எண்களைத்தான் கூட்டுகிறது. உங்கள் தேவைக்கு அது பொருந்துகிறது. ஆனால் இதே குணம் கழித்தலில் காலை வாரிவிடும்: அந்த ஞாயிறின் நள்ளிரவிலிருந்து அடுத்த நள்ளிரவு வரை எவ்வளவு நேரம் கழிந்தது என்று கேட்டால், 23 மணி நேரத்துக்குப் பதில் 24 என்று சொல்லும். கழிந்த நேரம் வேண்டுமானால் இரண்டையும் முதலில் யுடிசிக்கு மாற்றிவிட்டு, பிறகு கழியுங்கள். ‘யுடிசிநவ்’ என்ற பழைய அழைப்பு யுடிசி நேரத்தைத் தந்தாலும், அது எந்த மண்டலத்தின் நேரம் என்ற குறிப்பில்லாமல் தருவதால், 3.12-ஆம் பதிப்பில் கைவிடத்தக்கது என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. ‘நவ்’ அழைப்புக்குள் யுடிசி மண்டலத்தைக் கொடுத்துக் கேட்பதே இன்றைய முறை.

வருங்காலச் சந்திப்புகளைச் சேமிப்பவர்கள் யுடிசி கணத்தை மட்டும் வைத்திருந்தால் போதாது. உள்ளூர் நேரத்தையும் மண்டலத்தின் பெயரையும் சேர்த்தே வைக்க வேண்டும். கடிகார விதிகளை வகுப்பவை அரசுகள், அவை மாற்றவும் செய்கின்றன. பிரேசில் 2019-இல் கோடை நேரத்தையே நீக்கிவிட்டது. அதற்கு முன்பு அந்நாட்டில் தாவல் நடந்தது நள்ளிரவில். 2018 நவம்பர் 4 அன்று சாவோ பாலோவில் நள்ளிரவு 12 மணி என்ற ஒன்றே இல்லை, நாள் 1 மணிக்குத்தான் தொடங்கியது. நாளை நள்ளிரவுக் கணமாகச் சேமித்திருந்த நிரல்களின் நிலையை நீங்களே எண்ணிப் பார்க்கலாம். சமோவா நாட்டில் 2011 டிசம்பர் 30 என்ற முழு நாளே இல்லை. பன்னாட்டுத் தேதிக்கோட்டின் மறுபக்கத்துக்கு மாறியபோது 29-க்கு அடுத்து 31 வந்தது.

கேள்வி: வயதைக் கணக்கிட, இன்றைய தேதியிலிருந்து பிறந்த தேதியைக் கழித்து 365-ஆல் வகுக்கிறேன். சிலருக்குப் பிறந்த நாளுக்கு முன்பே வயது கூடிவிடுகிறது. 365.25-ஆல் வகுத்தால் சரியாகுமா?

பதில்: ஆகாது; பிழை இடம் மாறும், அவ்வளவுதான். 365-ஆல் வகுத்தால் இருபது ஆண்டுகளில் ஐந்து லீப் நாட்கள் சேர்ந்து, ஐந்து நாட்கள் முன்பே வயதைக் கூட்டும். 365.25-ஆல் வகுத்தால், 2001 மார்ச் 1-இல் பிறந்த குழந்தைக்கு 2002 மார்ச் 1 அன்று 365 நாட்களே ஆகியிருப்பதால், முதல் பிறந்த நாளிலும் வயது சுழியம் என்றே வரும். வகுத்தலை விட்டுவிடுங்கள். இன்றைய ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழியுங்கள்; இன்றைய மாதமும் நாளும் சேர்ந்த இணை, பிறந்த மாதமும் நாளும் சேர்ந்த இணையைவிடச் சிறியதாக இருந்தால் ஒன்றைக் குறையுங்கள். பைத்தானில் இந்த இணைகளை இரண்டு ‘டியூபிள்’களாக (மதிப்புத் தொகுப்புகளாக) வைத்து ஒப்பிட்டால் ஒரே வரியில் முடிந்துவிடும்.

இந்தக் கணக்கின்படி பிப்ரவரி 29-இல் பிறந்தவருக்குச் சாதாரண ஆண்டுகளில் மார்ச் 1 அன்று வயது கூடும். சட்டப்படியான வயது தேவைப்படும் நிரல் என்றால், எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்று பாருங்கள்; சில இடங்களில் பிப்ரவரி 28, சில இடங்களில் மார்ச் 1.

கேள்வி: தரவுத்தளத்தில் ஜனவரி 1 முதல் ஜனவரி 31 வரை என்று கேட்டால் கடைசி நாளின் பதிவுகள் மட்டும் விடுபடுகின்றன.

பதில்: பதிவுகளில் மணியும் சேர்ந்திருக்கிறது, ஜனவரி 31 என்று நீங்கள் கொடுத்த எல்லை அந்த நாளின் நள்ளிரவுத் தொடக்கமாகவே கொள்ளப்படுகிறது. 23:59:59 என்று சேர்த்து ஒட்டுப்போடாதீர்கள். அந்த நொடிக்குள் விழும் பின்னங்கள் விடுபடும். ஜனவரி 1-க்குச் சமம் அல்லது மேல், பிப்ரவரி 1-க்குக் கீழ் என்று கேளுங்கள்.

கேள்வி: எக்செல் கோப்பைப் பைத்தானில் படித்தால் தேதி இருக்க வேண்டிய இடத்தில் 45000 என்று வருகிறது. 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என்று வைத்து எண்ணினால் ஒரு நாள் தள்ளிப்போகிறது.

பதில்: 1899 டிசம்பர் 30-உடன் அந்த எண்ணை நாட்களாகக் கூட்டுங்கள், 45000 என்பது 2023 மார்ச் 15. நூறால் வகுபட்டு நானூறால் வகுபடாத 1900 லீப் ஆண்டு ஆகாது. ஆனால் எக்செல்லுக்கு முந்தைய விரிதாள் மென்பொருளான லோட்டஸ் 1-2-3 அதை லீப் ஆண்டாகக் கொண்டிருந்தது, அதன் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டி எக்செல் அந்தப் பிழையைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டது. எக்செல்லில் 60-ஆம் எண் இன்றும் 1900 பிப்ரவரி 29-தான். அந்த இல்லாத நாளை ஈடுசெய்யவே தொடக்கத்தை ஒரு நாள் பின்னுக்குத் தள்ளுகிறோம். ஆகவே 1900 மார்ச் 1-க்கு முந்தைய தேதிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. விடை நான்கு ஆண்டுகளும் ஒரு நாளும் பிசகினால், அந்தக் கோப்பு மேக் கணினிகளில் வழங்கிய 1904 முறையில் உருவானது என்று கொள்ளுங்கள். இரண்டு முறைகளுக்கும் வேறுபாடு 1,462 நாட்கள். எண்ணில் பின்னம் இருந்தால் அது மணி, 0.5 என்பது நண்பகல்.

கேள்வி: வாராந்திர அறிக்கையின் தலைப்பில் 2024 டிசம்பர் 30-க்கு “2024, வாரம் 01” என்று வந்துவிட்டது. ஆண்டும் சரி, வார எண்ணும் சரி என்றால் சேர்ந்தால் ஏன் தவறு?

பதில்: அவை இரண்டு வெவ்வேறு கணக்குகளிலிருந்து வந்தவை. ஐஎஸ்ஓ முறையில் ஆண்டின் முதல் வியாழன் எந்த வாரத்தில் விழுகிறதோ அதுவே முதல் வாரம். வாரம் திங்களில் தொடங்கும். 2024 டிசம்பர் 30 திங்கள்; அந்த வாரத்தின் வியாழன் 2025 ஜனவரி 2. எனவே அது 2025-இன் முதல் வாரம். மறுபுறம் 2021 ஜனவரி 1 வெள்ளியாக இருந்ததால் 2020-இன் 53-ஆம் வாரத்தைச் சேர்ந்தது. தேதியைச் சரமாக்கும் வடிவக் குறிகளில் பெரிய எழுத்து வி தரும் வார எண்ணுடன் பெரிய எழுத்து ஒய்யைச் சேர்க்காமல், வாரத்துக்குரிய ஆண்டைத் தரும் பெரிய எழுத்து ஜியைச் சேருங்கள். பைத்தானின் ‘ஐஎஸ்ஓகேலண்டர்’ ஆண்டு, வாரம், கிழமை மூன்றையும் ஒத்திசைவாகவே தருகிறது. என் தேர்வு அதுதான்.

கேள்வி: பிறந்த நாட்களை மாதமும் நாளும் மட்டுமாகப் பைத்தானின் ‘ஸ்ட்ரப்டைம்’ கொண்டு படிக்கிறேன். பிப்ரவரி 29 மட்டும் பிழையாகிறது, லீப் ஆண்டிலும்கூட.

பதில்: ஆண்டைச் சொல்லாவிட்டால் ‘ஸ்ட்ரப்டைம்’ 1900 என்று எடுத்துக்கொள்கிறது. மேலே எக்செல் பதிலில் பார்த்த அதே 1900. அந்த ஆண்டில் பிப்ரவரி 29 கிடையாது. 2000 போன்ற ஒரு லீப் ஆண்டைச் சரத்தோடு ஒட்டிக் கொடுத்துப் படித்துவிட்டு, ஆண்டை விட்டுவிடுங்கள். ஆண்டு இல்லாமல் நாளைப் படிக்கும் முறையை 3.13-ஆம் பதிப்பிலிருந்து பைத்தானே எச்சரிக்கிறது. ஆண்டு இரண்டு இலக்கமாக இருக்கும் பட்டியல் என்றால் இன்னும் கவனம் வேண்டும்: 69 முதல் 99 வரை 1900-களாகவும், 00 முதல் 68 வரை 2000-களாகவும் படிக்கப்படும், 65-இல் பிறந்தவர் 2065-இல் பிறக்கப்போகிறவர் ஆகிவிடுவார்.

கேள்வி: 2038 சிக்கல் என் பைத்தான் நிரலைப் பாதிக்குமா?

பதில்: ‘டேட்’, ‘டேட்டைம்’ வகைகளைப் பாதிக்காது, அவை ஆண்டு 9999 வரை செல்லும். 32 இருமங்களில் (பிட்களில்) நொடிகளைச் சேமிக்கும் இடங்களில்தான் 2038 ஜனவரி 19, யுடிசி 03:14:07-க்குப் பிறகு இடமில்லை. மைசீக்குவல் தரவுத்தளத்தின் ‘டைம்ஸ்டாம்ப்’ வகைக்கு அந்த வரம்பு உண்டு. முப்பது ஆண்டுக் கடன்களின் முடிவுத் தேதியை அதில் வைத்திருந்தால் இன்றே இடிக்கும்.

கேள்வி: பழைய கடிதங்களையும் பதிவேடுகளையும் கால வரிசைப்படுத்தும் ஆய்வு மாணவி நான். 1752 செப்டம்பர் 2-ஐப் பைத்தானில் கொடுத்தால் சனிக்கிழமை என்கிறது. இங்கிலாந்தில் எழுதப்பட்ட கடிதத்தில் புதன்கிழமை என்று இருக்கிறது.

பதில்: கடிதமே சரி. பைத்தானின் ‘டேட்’ கிரெகோரிய நாட்காட்டியை ஆண்டு 1 வரை பின்னோக்கி நீட்டிக் கணக்கிடுகிறது, ஜாவாஸ்கிரிப்டும் அவ்வாறே. அந்த நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது 1582-இல். ரோமின் வழியைப் பின்பற்றிய நாடுகளில் அக்டோபர் 4-க்கு மறுநாள் 15 என்று எண்ணினார்கள். பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் 1752 வரை அதற்கு முந்தைய ஜூலியன் நாட்காட்டியிலேயே இருந்து, செப்டம்பர் 2, புதன்கிழமைக்கு மறுநாளை செப்டம்பர் 14, வியாழன் என்று கொண்டன. கிழமை வரிசை அறுபடவில்லை, தேதிகள் மட்டும் தாவின. யூனிக்ஸ் கணினியில் ‘கேல்’ கட்டளையிடம் 1752 செப்டம்பரைக் கேட்டால் அந்தப் பதினொரு நாட்களின் இடைவெளியைப் பார்க்கலாம். ரஷ்யா 1918-இல்தான் மாறியது. ஜனவரி 31-க்கு அடுத்து பிப்ரவரி 14 வந்தது.

உங்கள் ஆய்வில் இது வரிசையையே குலைக்கக்கூடியது, ஏனெனில் ஒரே நாளில் லண்டனிலும் பாரிசிலும் எழுதப்பட்ட கடிதங்கள் வெவ்வேறு தேதியைத் தாங்கியிருக்கும். நியூட்டன் பிறந்தது இங்கிலாந்தின் அன்றைய கணக்கில் 1642 டிசம்பர் 25, கிரெகோரியக் கணக்கில் 1643 ஜனவரி 4. அதற்கு மேல், 1752-க்கு முன்பு இங்கிலாந்தின் சட்ட ஆண்டு மார்ச் 25-இல்தான் தொடங்கியது. ஆகவே ஜனவரி, பிப்ரவரிக் கடிதங்களின் ஆண்டு எண் நம் கணக்கில் ஒன்று குறைவாகத் தோன்றலாம்.

ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று புலங்களை வையுங்கள்: மூலத்தில் எழுதியிருந்தபடியே தேதிச் சரம், அது எந்த நாட்காட்டி என்ற குறிப்பு, கிரெகோரியனுக்கு மாற்றிய ‘டேட்’ மதிப்பு. வரிசைப்படுத்துவது மூன்றாவதைக் கொண்டு. மேற்கோள் காட்டுவது முதலாவதைக் கொண்டு. மாற்றும்போது ஜூலியன் தேதியுடன் கூட்ட வேண்டியவை 1582 அக்டோபர் 5 முதல் 1700 பிப்ரவரி முடியும்வரை 10 நாட்கள், அதன்பின் 1800 பிப்ரவரி வரை 11, 1900 பிப்ரவரி வரை 12, பிறகு 13. ஆனால் 1700 பிப்ரவரி 29 போன்ற ஜூலியன் தேதிகளைப் பைத்தானின் ‘டேட்’ ஏற்கவே ஏற்காது. அவற்றுக்காக, ஜூலியன் தேதியை நாள் வரிசை எண்ணாக மாற்றும் சிறு செயற்கூறு ஒன்றை எழுதி, அந்த எண்ணிலிருந்து ‘ஃப்ரம்ஆர்டினல்’ மூலம் ‘டேட்’டைப் பெறுங்கள். மூலத்தில் கிழமை எழுதியிருக்கும் கடிதங்கள் உங்களுக்குக் கிடைத்த வாய்ப்பு: மாற்றிய தேதியின் கிழமை அதோடு பொருந்தினால், நாட்காட்டியைச் சரியாக ஊகித்திருக்கிறீர்கள் என்று பெரும்பாலும் நம்பலாம்.